வேஷக்காரன் வந்திருக்கிறான், ஆத்தா

என் ஆத்தாவுக்கு,

இந்த இரண்டு வார்த்தையை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் அடுத்த வரி. பன்னிரண்டு வருஷமாக உனக்கு எழுதிய அஞ்சலட்டை அத்தனையிலும் 'சின்னாத்தா அவர்களுக்கு' என்றுதான் ஆரம்பித்திருக்கிறேன். பெற்றவளைச் சின்னாத்தா என்று கூப்பிட்ட மகராசன் நான்.

உனக்குத் தெரியாததில்லை, எனக்குப் பிறகு இதை எடுத்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பிள்ளையில்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொள்வார்கள். கைக்குழந்தையைத்தான் என்று இல்லை, மீசை முளைத்த ஆளையும் கூட்டுவார்கள். பெரியவர்கள் கூடியிருக்க அவன் மஞ்சள் நீரைக் குடித்துவிட்டால், அன்றிலிருந்து அவன் அந்த வீட்டுப் பிள்ளை. பேர்கூட மாறிவிடும். உன் மூன்று மகன்களில் நடுவுலவனான என்னை, இருபத்தோரு வயதில், காரைக்குடியில் அப்பச்சியின், அதாவது என் அப்பாவின், பங்காளி அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தாய். அந்தப் பெரியப்பச்சி பிள்ளையில்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவிதான் கேட்டு வந்தாள். உனக்கு அவள் அக்கா முறை. இந்தக் கடிதத்தில் அவளைக் காரைக்குடி ஆத்தா என்றே எழுதுகிறேன், குழப்பம் வேண்டாம்.

நீ கண்ணை மூடி, வருகிற ஆடியோடு ஒரு வருஷம். நெற்குப்பையில் நம் வீடு அப்படியேதான் இருக்கிறது. அண்ணன் கிணற்றடிச் சுவரைப் பூசியிருக்கிறான், அதுவும் கோணல். தம்பிக்கு மானாமதுரைக்கு மாற்றல் ஆகிவிட்டது. உன் இட்லிப்பூச் செடியை ஆடு கடித்துவிட்டது. மறுபடி துளிர்த்துவிட்டது, கவலைப்படாதே.

எனக்குத்தான் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வீட்டில் ஆள் இல்லாமல் இல்லை. பெண்டாட்டி இருக்கிறாள், மகள் இருக்கிறாள், காரைக்குடி ஆத்தா இருக்கிறாள். ஆனாலும் பகல் பதினொரு மணிக்குத் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். "ஒண்ணும் இல்லையேண்ணே" என்று அவர் கையை விரிக்கிறார். எனக்கு யார் எழுதப் போகிறார்கள்? தெரிந்துதான் போகிறேன். போய் நின்றுவிட்டு, வேறு எதற்கோ வந்தவன் மாதிரி தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.

பதில் கிடைக்காத ஒரு கேள்வி உன்னிடம் பாக்கி இருக்கிறது. அதை முதலில் கேட்டுவிடுகிறேன்.

அவர்கள் கேட்டு வந்த அன்றைக்கு, முன்கட்டில் பெரியவர்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பி.காம். முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த நேரம். பேச்சைக் கேட்கக் கேட்க எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்து பின்கட்டுக்கு வந்தால், நீ பாட்டுக்குக் கிணற்றடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய்.

"அங்க கன்னுக்குட்டிக்குப் பேசுற மாதிரி என்னையப் பேசிக்கிட்டு இருக்காக. நீ என்னமோ செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கே?" என்றேன்.

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. "அங்குட்டுப் பாரு," என்றாய்.

இட்லிப்பூக் கொத்துக்கு முன்னால் ஒன்று அந்தரத்தில் நின்றது. இறக்கை அடிப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. வாலை விரித்து வைத்திருந்தது.

"தேன்சிட்டு. இப்ப அதுக்கு என்ன?"

"சிட்டு இல்லடா. சிட்டுன்னா கொப்புல உக்காந்துல்ல குடிக்கும். இது பாரு, கால் ஊனாமலே குடிக்குது. மூக்கப் பாரு, நூலாட்டம். இது பூச்சி. சிட்டு வேஷம் கட்டிக்கிட்டுத் திரியுது, வேஷக்காரப் பய."

"ஆத்தா, நான் போகணுமா?"

"போன வாரம் வண்டு வேஷத்துல வந்தான். அதுக்கு முந்தி ஒருக்கா குளவி வேஷம். நான் பயந்துட்டேன்."

"ஆத்தா, ஒன்னயத்தான் கேக்குறேன். நான் போகணுமா?"

"பாரு பாரு, அடுத்த கொத்துக்குப் போயிட்டான்."

உள்ளேயிருந்து அப்பச்சி கூப்பிட்டார். நான் போய்விட்டேன். அன்றைக்கு உன்மேல் வந்த கோபம் இருக்கிறதே! பெற்ற பிள்ளையைக் கேட்டு ஆள் வந்திருக்கிறது, இவள் பூச்சியை வேடிக்கை பார்க்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். திரும்பி நடக்கும்போது கால் சேற்றில் புதைந்தது. அந்த ஒரு செடிக்கு மட்டும் எத்தனை வாளி ஊற்றியிருந்தாயோ, பாத்தி நிரம்பிக் கிணற்றடி முழுக்கத் தண்ணீர் நின்றது. சேறு ஒட்டிய காலோடுதான் சபைக்குப் போனேன். அந்தத் தண்ணீரை நினைத்துப் பார்க்க எனக்கு ரொம்ப வருஷம் ஆயிற்று.

மஞ்சள் நீர் குடித்த அன்றைக்குக் காரைக்குடி ஆத்தா எல்லார் முன்னாலும் ஒரு நிபந்தனை போட்டாள். கெட்ட மனுஷி இல்லை அவள், உனக்கே தெரியும். ஆனால் எதையும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்றுதான் பேசுவாள். "நான் பெறலேங்கிறதுக்காக அரை ஆத்தாவா இருக்க மாட்டேன். குடுத்தா முழுசாக் குடுங்க. இனிமே இவன் வாயில ஆத்தாங்கிறது நான் ஒருத்திதான். நீ சின்னாத்தா. சம்மதமா?" என்று உன்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சரிங்கக்கா," என்றாய்.

அவ்வளவுதான். அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. நீ வைத்த சோலையப்பன் என்ற பேரும் அன்றோடு போயிற்று. அவள் மாமனார் பேரான சாத்தப்பன் ஆனேன். காரைக்குடிக்குப் போகிற வண்டியில் அந்தச் 'சரிங்கக்கா'வையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு போனேன். கொஞ்சம் இழுத்துச் சொல்லியிருக்கலாமே, கொஞ்சம் தயங்கியிருக்கலாமே என்றுதான் இருந்தது.

அப்புறம் என் கல்யாணம். நீ சொந்தக்காரர்களோடு சொந்தக்காரியாக வந்தாய். திருப்பூட்டி, தாலி ஏறி முடிந்ததும் ஆத்தாவைக் கும்பிட்டு விழுகிற முறை. காரைக்குடி ஆத்தா எனக்கு வலப்பக்கம் நின்றாள். நீ அடுப்படிப் பக்கத்துத் தூண் ஓரம், கையில் வெற்றிலைத் தட்டோடு நின்றாய். மாலையும் கழுத்துமாக நின்ற எனக்கு என்ன ஆனதோ, உன்னைப் பார்த்து "ஆத்தா!" என்று கூப்பிட்டுவிட்டேன். நல்ல சத்தமாக.

இரண்டு பேரும் திரும்பினீர்கள். மேளக்காரர் வாசிப்பை நிறுத்தியிருந்த சமயம் வேறு. நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். அப்புறம் சிரித்துக்கொண்டே, "அக்கா, ஒங்களத்தான் கூப்புடுறான், போங்க," என்று சொல்லிவிட்டுத் தட்டோடு உள்ளே போய்விட்டாய். என் மானத்தையும் அவள் மானத்தையும் காப்பாற்றினாய். விழுந்து கும்பிட்டு எழுந்தபோது என் கண்ணில் தண்ணீர். ஹோமப் புகை என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் நாம் இரண்டு பேரும் பேசுகிற வழியை நீ கண்டுபிடித்தாய். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது, எப்போது வருவாய் என்று எதையும் நீ எழுத முடியாது. அதெல்லாம் ஆத்தா கேட்க வேண்டியது. அப்படி இருக்கையில் ஒரு நாள் முதல் கார்டு வந்தது. எனக்கு இன்னும் மனப்பாடம்.

'சாத்தப்பனுக்கு ஆசீர்வாதம். இங்கு அனைவரும் சுகம். வேஷக்காரன் இரண்டு நாளாக வருகிறான். இன்று குளவி வேஷம். கறுப்பு உடம்பு, மஞ்சள் பட்டை. கிட்டப் போய் நின்றேன். கொட்டவில்லை. மழை இல்லை.'

எனக்கு வருகிற எந்தக் கார்டையும் காரைக்குடி ஆத்தாதான் முதலில் வாங்குவாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வீடே கேட்க வாசிப்பாள். அன்றைக்கும் வாசித்துவிட்டு, "என்னடா இது, பூச்சிக்கெல்லாம் கார்டு போடுறா? வேலையத்துப் போயிட்டாளா நெற்குப்பைக்காரி?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று சாயங்காலமே பதில் எழுதினேன். 'சின்னாத்தா அவர்களுக்கு, கார்டு கிடைத்தது. இங்கே தோட்டத்தில் வேஷக்காரன் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.' இதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

மாதம் ஒன்று, சில மாதம் இரண்டு. நீ பூச்சியைப் பற்றி எழுதுவாய், நான் பூச்சியைப் பற்றி எழுதுவேன். சிவகங்கைப் பக்கம் இப்படி ஒரு தாயும் மகனும் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. மஞ்சணத்தி மரத்தில் கொம்பு வைத்த பச்சைப் புழுவைப் பார்த்தது, அதை அண்ணன் நசுக்கப் போனபோது நீ கையைத் தட்டிவிட்டது, மழைக்குப் பிறகு மூன்று வேஷமும் ஒரே நாளில் வந்தது என்று எல்லாம் கார்டில் வரும்.

ஒரு தரம் எனக்கும் ஆர்வம் மிஞ்சிப்போய், ஊருணிக் கரையில் ஒன்றைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு காரைக்குடியில் விலங்கியல் வாத்தியார் ஒருவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பகலில் பறக்கிற அந்துப்பூச்சி என்றார். நீங்கள் சொல்கிற மூன்றும் மூன்று சாதி, ஒன்றே உடுப்பு மாற்றிக்கொண்டு வருவதில்லை என்றார். குளவி மாதிரியும் வண்டு மாதிரியும் இருப்பது, தின்ன வருகிற பறவையும் ஓணானும் பயந்து ஒதுங்குவதற்காக. சிட்டு மாதிரி இருப்பது, சிட்டு செய்கிற அதே வேலையைச் செய்வதால். எதற்கும் கொடுக்குக் கிடையாது. இதையெல்லாம் நுணுக்கி நுணுக்கி ஒரே கார்டில் எழுதி உனக்குப் போட்டேன்.

உன் பதிலில் காரம் இருந்தது. 'வாத்தியார் படித்தவர், சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு எல்லாம் ஒருவன்தான். என்ன உடுப்பில் வந்தாலும் எனக்குத் தெரியும். கொடுக்கு இல்லை என்பதை அங்கே யாரிடமும் சொல்லி வைக்காதே. பாவம், அவன் பிழைப்பே அந்தப் பயத்தில்தான் ஓடுகிறது.'

இதைக் காரைக்குடி ஆத்தா வாசித்தபோது சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன், மடையன்.

எனக்கு விளங்கியது பிள்ளையார்பட்டி சதுர்த்திக்குப் பிறகு. அந்த வருஷம் எனக்கு மஞ்சள்காமாலை வந்து தேறியிருந்தது. காரைக்குடி ஆத்தா வேண்டுதல் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கூட்டமான கூட்டம். கும்பிட்டோம், வந்தோம். நான்காம் நாள் உன் கார்டு வந்தது. அவள் வழக்கம்போல உரக்க வாசிக்க ஆரம்பித்தாள்.

'சாத்தப்பனுக்கு ஆசீர்வாதம். சதுர்த்தி அன்று வேஷக்காரனைத் தூரத்திலிருந்து பார்த்தேன். ரொம்ப மெலிந்துவிட்டான். கழுத்தெலும்பு தெரிகிறது. வேளைக்குக் குடிப்பதில்லை போலும்.'

அந்த இடத்தில் அவள் குரல் நின்றது. பூச்சிக்கு ஏது கழுத்தெலும்பு? மிச்சத்தை மனதுக்குள் வாசித்துவிட்டு, கார்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது என் இலையில் நெய் இரண்டு கரண்டி கூட விழுந்தது. "தின்னு," என்றாள். அதட்டலாகத்தான் சொன்னாள்.

அந்தக் கூட்டத்தில் நீ எங்கே நின்றாய் ஆத்தா? மடைப்பள்ளிப் பக்கமா, குளத்தங்கரையிலா? ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா? எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாய்?

அதற்கப்புறம் பழைய கார்டுகளை எல்லாம் எடுத்து மறுபடி வாசித்தேன். கிட்டப் போய் நின்றேன், கொட்டவில்லை. என்ன உடுப்பில் வந்தாலும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, தோட்டத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இப்போது சொல்லப் போவதை உன்னிடம் நேரே சொல்லியிருக்க வேண்டும். நீ போவதற்கு இரண்டு வருஷம் முந்தி, கோயில் காரியமாக நெற்குப்பைக்கு வந்தேன். அண்ணன் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தான். வீட்டில் நீ மட்டும். என்னைப் பார்த்ததும், "வாப்பா, நல்ல நேரத்துல வந்தே, இங்குட்டு வா," என்று பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். வேலியோரப் பாவட்டைச் செடியிலிருந்து எடுத்த புழு ஒன்று மண்ணுக்குள் போய்க் கூடாகியிருந்ததை, கொட்டாங்கச்சியில் மண்ணோடு அள்ளி வைத்திருந்தாய். அன்றைக்குத்தான் அது வெளியே வந்து ஒரு குச்சியில் தொங்கியது. இறக்கை சாம்பல் பூசின மாதிரி மங்கலாக இருந்தது.

"இதுவா வண்டு வேஷம்? சும்மா அந்துப்பூச்சி மாதிரித்தான இருக்கு," என்றேன்.

"பொறு," என்றாய்.

அரை மணி நேரம் இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தோம். அது இறக்கையை வெடவெடவென்று ஒரு உதறு உதறியது. சாம்பல் எல்லாம் பொடியாக உன் புறங்கையில் கொட்டியது. இறக்கை கண்ணாடியாகிவிட்டது. அப்படியே எழும்பி, அசல் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு மஞ்சணத்தியைத் தாண்டிப் போயிற்று. நீ புறங்கையைத் துடைக்காமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய்.

வீட்டில் யாரும் இல்லை ஆத்தா. கேட்க ஒரு காக்கா குருவி இல்லை. சபை இல்லை, நிபந்தனை போட்டவள் இல்லை. ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது, உன்மேல் ஆணை. நீயும் என் பக்கம் திரும்பி, ஏதோ கேட்கப் போகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தாய். பத்து வருஷம் பழகின வாய்.

"சின்னாத்தா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாரேன்," என்றேன்.

"போயிட்டு வாப்பா," என்றாய்.

இதற்கு யாரைக் குறை சொல்ல? அவளையா? அவள் காரைக்குடியில் இருந்தாள். அப்பச்சியையா? அவர் எப்போதோ போய்விட்டார். உன்னைக் கூப்பிடாதது நான்தான். இந்த ஒரு வருஷமாக என்னைத் தின்றுகொண்டிருப்பது அதுதான்.

நீ போன செய்தி தந்தியில் வந்தது. வந்து பார்த்தபோது உன்னைக் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். பின்கட்டில் முடி இறக்குகிறவர் தண்ணீர்ச் செம்போடு உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் எங்கள் மூன்று பேருக்கும் வரிசையாக உட்காரவைத்து முடி வெட்டிவிட்டவர். மூன்று பலகை போட்டிருந்தார். அண்ணன் ஒன்றில் உட்கார்ந்தான், தம்பி ஒன்றில் உட்கார்ந்தான். நடுவில் ஒன்று காலியாக இருந்தது. நான் சட்டையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டேன்.

பங்காளிகளில் பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார். "ரெண்டு பலகை போதும்ப்பா. நடுவுலவன் காரைக்குடி வீட்டுக்குப் போயாச்சுல்ல. அந்த ஆத்தா குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கையில இவன் எப்பிடி உக்காருவான்?"

முடி இறக்குகிறவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியுமுங்க. பழகின கை, எடுத்துப் போட்டிருச்சு," என்று சொல்லிவிட்டு நடுப் பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்தார். நான் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டேன். பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறேன், சுடுகாடு வரைக்கும் அப்படியே போயிருக்கிறேன், யாரும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் விருந்தாளியாக வந்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனேன். அண்ணனும் தம்பியும் மொட்டைத் தலையோடு பரிமாறினார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தால் தலை நிறைய முடி. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. எண்ணெய் வைக்காமல் ரொம்ப நாள் திரிந்தேன்.

சரி, இந்தக் கடிதத்தை எதற்கு எழுத ஆரம்பித்தேனோ அதற்கு வருகிறேன்.

காரைக்குடி ஆத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. பகலில் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் ஒரு இட்லிப்பூ, ஒரு பாவட்டை. அந்தச் செடிகள் ரொம்ப நாளாக அங்கே இருக்கின்றன. யார் வைத்தது, எப்போது வைத்தது என்று நான் யோசித்ததே இல்லை. போன வாரம் முற்பகலில், நான் வாசலில் தபால்காரரிடம் 'இல்லை' என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்த நேரம், அவள் அடித்தொண்டையில் கூப்பிட்டாள்.

"டேய், ஓடியா, ஓடியா. அவன் வந்துருக்கான்."

"யாரு ஆத்தா?"

"அதான்டா, வேஷக்காரன். சத்தம் கேக்குதுல்ல? செடி வச்சுப் பதினோரு வருசமாச்சு, இன்னைக்குத்தான் என் வீட்டுக்கு வழி தெரிஞ்சிருக்கு அவனுக்கு. என்ன வேஷம், பாத்துச் சொல்லு."

பார்த்தேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன் ஆத்தா. அது அசல் கருவண்டு. ஆறு காலையும் பூவில் ஊன்றிக்கொண்டு, பூவே தொங்கிப்போக உட்கார்ந்து குடித்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த வயதில், அந்தப் பார்வையில்லாத கண்ணை அகல விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"வேஷக்காரன்தான் ஆத்தா. வண்டு வேஷம்," என்றேன்.

"நெனச்சேன்," என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "எழுதிப் போடு," என்றாள்.

"யாருக்கு?"

"யாருக்கா? ஒங்காத்தாளுக்குத்தான்."

நெற்குப்பைக்காரி என்பாள், உன் சின்னாத்தா என்பாள். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் உனக்குக் கொடுத்ததில்லை. அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அவுகதான் இல்லையே ஆத்தா," என்றேன்.

"இல்லாட்டி என்ன, எழுது. எனக்குத்தான் கண்ணு போச்சே, இப்பவாச்சும் நான் படிக்காத கடுதாசி ஒண்ணு அவளுக்கு எழுது." கையை நீட்டித் துழாவி என் தலையைத் தொட்டாள். "முழுசாக் குடுன்னு கேட்டேன். சரிங்கக்கான்னுட்டா. எவடா குடுப்பா முழுசா? எனக்குத் தெரியாதா? பயந்துக்கிட்டேதான் ஒவ்வொரு கார்டையும் நான் முந்தி வாங்குனேன். ஒரு கார்டுலயாச்சும் வாடான்னு எழுதிருவா, நீ போயிருவேன்னு. கடைசி வரைக்கும் எழுதலையே பாவி மக."

அவள் மடியில் தலையை வைத்து அழுதேன், முப்பத்துநாலு வயது ஆம்பிளை. என் மகள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு ஓடிவிட்டாள்.

"ஆடித் திதிக்கு நீ போயி உக்காரு," என்றாள் அவள். "நானும் வாரேன். உசுரோட இருக்கிற ஆத்தா நானே உக்காருன்னு சொல்றேன், எவன் எந்திரிக்கச் சொல்றான்னு பாப்போம். மூஞ்சி தெரியாட்டி என்ன, குரல வச்சே ஆளைப் புடிச்சுருவேன்."

அதுதான் சேதி. அண்ணனுக்கு எழுதிவிட்டேன். 'வா, இடம் இருக்கிறது' என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. அவன் எப்போதுமே அவ்வளவுதான் எழுதுவான்.

நான் போகணுமா என்று கேட்டேனே, அதற்கு நீ இனி பதில் சொல்ல வேண்டாம். உன்னாலும் முடியாததாகத்தான் இருந்திருக்கும். எனக்கு இப்போது கேட்க வேறு ஒன்றும் இல்லை, சொல்லத்தான் இருக்கிறது.

ஆடியில் வருகிறேன். காரைக்குடி ஆத்தாவைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு வருகிறேன். எள்ளும் தண்ணீரும் கையில் எடுத்ததும், யாருக்கு விடுகிறீர்கள், என்ன முறை என்று ஐயர் கேட்பார். பங்காளிகள் அத்தனை பேரும் சுற்றி நிற்பார்கள். ஆத்தாவுக்கு என்று சொல்வேன். அவர் காது கேளாதவர் மாதிரி இன்னொரு தடவை கேட்டால், இன்னும் சத்தமாகச் சொல்வேன்.

உன் நடுவுலவன்,
சோலை